வரைபடத்தில் நான் வைத்த புள்ளி

2023ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. இடம், மலேசியாவின் கிள்ளான். நேரம், பிற்பகல் மூன்று ஐம்பது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து அன்று மாலை வரை நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமையானால் கொமூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் சின்னத் தமிழ் நூலகம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குத் தொண்டூழியம். நாள், கிழமை, ஆண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். பழைய திருவிழா நோட்டீஸ் கையில் கிடைத்தால் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் அடியில் அச்சகத்தின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருபத்தெட்டு வருட நாட்குறிப்புகள் என் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

நூலகத்துக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே வந்த காலத்தில், பொறுப்பாளராக இருக்கும் இளம்பெண் ஒரு யோசனை சொன்னாள். கைபட்டால் இயங்கும் பெரிய திரை ஒன்று வாங்கி, அதில் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரைபடத்தைப் போடுவது. அழிந்துபோன ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடங்களில் புள்ளி வைப்பது. புள்ளியைத் தொட்டால் அந்தத் தோட்டத்துப் படங்கள் வரும், அங்கே வாழ்ந்தவர்களின் குரல்கள் கேட்கும். குரலை யார் வேண்டுமானாலும் வாட்சாப்பில் நூலக எண்ணுக்கு அனுப்பலாம்; எழுதத் தேவையில்லை, வாயால் சொன்னால் போதும்.

நான் முதலில் நம்பவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் சுங்கை வேயிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். திரைக்கு முன்னால் நின்று, "இது எங்க சித்தப்பா", "போங்கலா, இது எங்க பெரிய மாமா, அந்தக் காதப் பாருங்க" என்று சண்டை போடுவார்கள். போகும்போது புத்தகமும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

வந்த தகவல்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எழுத்து ஆதாரம் இல்லாமல் எந்தப் புள்ளியும் வைக்கக்கூடாது, வைத்த புள்ளியை மாற்றவும் கூடாது என்று விதி போட்டதும் நான்தான். ஆதாரம் இல்லாதவை 'காத்திருப்பு' என்ற பட்டியலில் கிடக்கும்.

அந்தத் திரையை விட்டு நகராத ஒருவர் இருந்தார். எழுபத்தாறு வயது. ஒரு காலத்தில் தோட்டத்து லோரி ஓட்டியவர். சில வருடங்களாக ஞாபகம் தடுமாறுகிறது. மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. சனிக்கிழமைகளில் அந்த மகளே காரில் கூட்டி வருவார். பந்திங் பக்கம் இருந்த தன் தோட்டத்துப் புள்ளியைத் தொட்டு, ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார்.

அன்று மூன்று இருபதுக்கு மகள் என்னிடம் வந்தார். "அக்கா, அப்பாவக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? கிளினிக்ல மருந்து எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்."

"போய்ட்டு வாங்க. அங்கிள் எங்க போயிடப் போறாரு" என்றேன்.

என் மேசையில் ஒரு பழைய கல்யாணப் படம் இருந்தது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை பாதி அழிந்திருந்தது. ஆண்டின் கடைசி எண் மூன்றா எட்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு என்று முடிவு செய்து நிமிர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. நாற்காலி காலி. திரையில் அவருடைய தோட்டத்துப் புள்ளி திறந்தபடி இருந்தது. அவர் எப்போதும் கேட்கும் அந்த அம்மாவின் குரல் பேசிக்கொண்டிருந்தது: "ஆறு மணிக்கு மேல பைப்புல தண்ணி நின்னுடும், அதுக்குள்ள வீட்டுக்கு ஓடியாந்துருவோம்."

கழிவறையில் இல்லை. படிக்கட்டில் இல்லை. கீழே கைத்தொலைபேசிக் கடைக்கு ஓடினேன்.

"பாஸ், மாடிக்கு வருவாரே, வெள்ளைச் சட்டை அங்கிள், பாத்தீங்களா?"

"பாத்தேனே. பந்திங் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாரு. நான்தான் கை காட்டிவிட்டேன். ஏன்கா?"

"எப்போ?"

"இருபது நிமிஷம் இருக்கும்லா."

மருந்துப் பையோடு மகள் வந்தபோது நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "உங்கள நம்பித்தானே அக்கா விட்டுட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு தனக்குத்தானே பேசுவது போல, "சக்கரை இருக்கு, மத்தியானம் சரியா சாப்பிடல, போனும் வீட்டுல" என்றார்.

"பதறாதீங்க. அவரு எங்க போறாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். உண்மையாகவே தெரியும் என்று நம்பினேன். அந்தத் தோட்டத்துப் புள்ளியை வைத்தது நான். தோட்டத்தின் பழைய கடிதத்தாள் ஒன்றில் இருந்த முகவரியையும் ஒரு நில அளவை வரைபடத்தையும் பொருத்திப் பார்த்து வைத்த புள்ளி அது. எங்கள் வரைபடத்திலேயே எனக்கு மிகவும் பெருமை தந்த புள்ளி.

பொறுப்பாளர் பெண் போலீசில் புகார் கொடுக்கப் புறப்பட்டாள். போகிற வழியிலேயே பெரியவரின் படத்தை நூலக வாசகர்களின் வாட்சாப் குழுவில் போட்டாள். நானும் மகளும் காரில் கிளம்பினோம். மணி நாலு இருபத்தைந்து. தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் லோரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஐந்து மணிக்குக் குழுவில் ஒரு குரல் வந்தது. சாலையோரம் பீசாங் கோரேங் என்னும் வாழைப்பழ பஜ்ஜி விற்கும் வாசகி ஒருவர். பெரியவர் பந்திங்குக்கு முன்னால் உள்ள முச்சந்தியில் இறங்கினாராம். "மழைக்கு ஒதுங்குங்கன்னேன். வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு." என் புள்ளி அந்த முச்சந்தியிலிருந்து இரண்டு கிலோமீட்டர். "பாத்தீங்களா, அங்கதான் போறாரு" என்று மகளிடம் சொன்னேன். என் குரலில் ஒரு வெற்றி தொனித்தது. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஐந்து பதினைந்துக்கு என் புள்ளி இருந்த இடத்தில் நின்றோம். வரிசையாகக் கிடங்குகள். சனிக்கிழமை என்பதால் எல்லாம் பூட்டியிருந்தன. நேப்பாளக் காவலாளி படத்தைப் பார்த்து, யாரும் வரவில்லை என்று தலையாட்டினார். நான் விடவில்லை. பின்பக்கம் வந்திருக்கலாம் என்றேன். கிடங்குகளைச் சுற்றி நனைந்துகொண்டே நடந்தோம். மகள் "ப்பா! ப்பா!" என்று கூப்பிட்ட குரல் தகரச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பின்னால் பெரிய கால்வாய், மழைத்தண்ணீர் விளிம்பு வரை ஓடியது. அதில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கிழிந்த சிமெண்டு மூட்டை.

அப்படியே ஐம்பது நிமிடம் போனது. வேறு எங்காவது தேடலாமா என்று மகள் இரண்டு முறை கேட்டார். "இதுதான் இடம், ஆதாரம் இருக்கு" என்று இரண்டு முறையும் சொன்னேன்.

ஆறு ஐந்துக்குப் பொறுப்பாளர் பெண் கூப்பிட்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க காத்திருப்பு லிஸ்ட்ட தொறந்து பாத்தேன். அதே தோட்டத்துக்கு ஒரு வாய்ஸ் கெடக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க."

வயதான பெண்ணின் குரல். காருக்குள் தெளிவாகக் கேட்டது. "வணக்கம்மா. சுங்கை பூலோவுலேர்ந்து பேசுறேன். மருமக போன்ல காட்டுனா. எங்க தோட்டம்னு புள்ளி வச்சிருக்கீங்களே, அது தொரை ஆபீஸும்மா. ஆபீஸ்ல யாரு குடியிருந்தா? சனங்க இருந்தது ஆத்துக்கு அந்தப் பக்கம். பாலந்தாண்டிப் போவணும். நாங்க குடியிருந்த லயத்து வீடெல்லாம் அங்கதான். மாத்திப் போடுங்க, என்னா?"

அந்தப் பதிவுக்கு எதிரே நான் எழுதிய குறிப்பும் இருந்ததாம். மூன்று வாரத்துக்கு முந்திய தேதி. 'எழுத்து ஆதாரம் இல்லை. நிறுத்தி வைக்கவும்.'

மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன். பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம். நடந்ததைச் சொன்னதும் சத்தம் நின்றது. "போன வைக்காத. நான் சொல்லச் சொல்லப் போ. முச்சந்திக்குத் திரும்பி வந்துட்டியா? அப்ப வலது கைப் பக்கம். பாலம் வருதா?"

"வருது ஆன்டி. தண்ணி ஏறியிருக்கு."

"பாலம் ஒசரம், பயப்படாத, போ. தாண்டுனதும் இடது பக்கம் மண் ரோடு. இப்ப எண்ணெய்க்குச் செம்பனை நட்டுட்டாங்க. ஆனா முனியாண்டி கோயிலு இருக்கு, அத இடிக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரல. அங்க பாரு மொதல்ல."

என் கைத்தொலைபேசியில் மின்சாரம் ஒன்பது விழுக்காடு. செம்பனை மட்டைகளுக்கு நடுவே இருட்டத் தொடங்கியிருந்தது. கார் ஓர் இடத்தில் சேற்றில் சுழன்று, நல்ல வேளையாக ஏறிவிட்டது. எனக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. ஐம்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறு நாற்பதுக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்கு தெரிந்தது. தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். திட்டில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் நின்றிருந்தார். தன் மழைக்கோட்டைப் பெரியவருக்குப் போர்த்தி, பிஸ்கட்டைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பெரியவர் ஆற்றங்கரைப் பக்கம் இறங்கியிருப்பார் என்று மலாயில் சொன்னார். இரண்டு முறை இழுத்து வந்து உட்கார வைத்தாராம்.

பெரியவர் மகளைப் பார்த்தார். "ஏம்மா இவ்ளோ லேட்டு? பைப்புல தண்ணி நின்னிருக்கும்" என்றார். மகள் கீழே மண்டியிட்டுத் தன் துப்பட்டாவால் அவர் காலில் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

தொலைபேசி இன்னும் உயிரோடுதான் இருந்தது. "ஆள் கெடச்சாச்சா? ஏய், பதில் சொல்லு! யாரு வீட்டு ஆளு அது, பேரு என்னா?" பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "லோரிக்காரனா? என் கல்யாணத்துக்கு அவன் லோரியிலதான் சனமே வந்துச்சு! குடு அவன்கிட்ட." பெரியவர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். "ஆமா... ஆமா... லோரிய மரத்துல அடிச்சேன், இப்ப அத எதுக்குச் சொல்ற" என்றார். அத்துடன் மின்சாரம் தீர்ந்து போன் அணைந்தது.

மறுநாள் காலை அந்த அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவருடைய பதிவை மூன்று வாரம் முன்பே கேட்டதையும், ஆதாரம் இல்லை என்று ஒதுக்கி வைத்ததையும் மறைக்கவில்லை. "எழுத்துல வேணும்னா நான் எங்கம்மா போவேன்? எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போட வரும். வாயால சொன்னாப் போதும்னு நீங்கதானே போட்டிருந்தீங்க, அத நம்பித்தானே பேசுனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

அன்றே புதிய புள்ளி வைத்தேன். பழையதை அழிக்காமல் 'தோட்ட அலுவலகம்' என்று பெயர் மாற்றினேன். காத்திருப்பில் கிடந்த பதினொரு குரல்களையும் கேட்டேன். அவற்றில் நான்கு, நான் வைத்த வேறு புள்ளிகளைத் திருத்தச் சொல்லியிருந்தன. காகிதம் எங்கே எழுதப்பட்டதோ அங்கேயே நான் புள்ளியைக் குத்தியிருந்தேன், ஒவ்வொன்றிலும்.

பெரியவரும் மகளும் இரண்டு சனிக்கிழமைகள் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார்கள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனதில்லை. அதில் தவறில்லை. என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே 'ஐம்பது நிமிடம்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நூலகத்தில் ஒரு குரலுக்கு ஆதாரம் கேட்க வாய் எடுக்கும்போதெல்லாம், அந்தக் குரலை நம்பி எங்கேயாவது ஒருவர் மழையில் காத்திருக்கக்கூடும் என்ற பயம் இன்றைக்கும் என்னை நிறுத்தி, முதலில் கடைசிவரை கேட்க வைக்கிறது.