டெல்பர்ட் ஹ்ருஷ்காவின் லேசான தோட்டாக்கள்

கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து டெல்பர்ட் ஹ்ருஷ்காவின் வலது தோள் நொறுங்கியபோது, இனித் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். டெல்பர்ட் புரிந்துகொண்டது வேறு: தோட்டாவை லேசாக்க வேண்டும்.

எங்கள் நெப்ராஸ்கா ஊரில் ஞாயிறு காலை பாதிப் பேர் சர்ச்சில் இருப்பார்கள். மீதிப் பேர் வானில் பறக்கும் மண்தட்டுகளைச் சுட்டுக்கொண்டிருப்போம். டெல்பர்ட் எங்கள் கட்சி. சுட்டுப்போட்ட காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கிப் போய், வீட்டு நிலவறையில் தோட்டா நிரப்பும் கருவியின் நெம்புகோலை இழுத்து இழுத்து, வெடிமருந்தும் ஈயக்குண்டும் நிரப்பி, உறையின் வாயை மடித்து, தன் தோட்டாவைத் தானே செய்துகொள்வார்.

தோளுக்காக ஈயத்தைக் குறைத்தார். சுடும்போது தோளில் விழும் உதை குறைந்தது. ஆனால் உறைக்குள் இடம் காலியாகி, மடித்த வாய் பொக்கைவாய் போலக் குழிந்தது. லேசான ஏதாவது ஒன்றை உள்ளே போட்டு அடைக்க வேண்டும். சமையலறை அலமாரியைத் திறந்தார். மனைவி லோரீன் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் ஓட்ஸ் வளையங்கள் இருந்தன. உறைக்கு ஒன்று, அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"டெல்பர்ட், என் ஓட்ஸ் எங்க?"

"தோட்டாக்குள்ள இருக்கு."

"அப்ப பாலை எங்க ஊத்தறது? துப்பாக்கிக் குழாய்லயா?"

அந்தத் தோட்டா வெடிப்பது தும்மலைப் போலத்தான் கேட்கும். ஆனாலும் தட்டு உடைந்தது. ஈயம் தொலைவில் போய் விழ, ஓட்ஸ் தூள் மட்டும் எங்கள் காலடிக்கு முன்னால் புல்லில் கொட்டியது. அதை முதலில் கண்டுகொண்டவை பக்கத்துப் பண்ணைக்காரி ஆர்டித் ஃபோகலின் கினிக்கோழிகள். எங்கள் 'டமார்' கேட்டால் ஓடி ஒளியும். டெல்பர்ட்டின் 'புஸ்' கேட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வரும்.

வருடாந்திரக் கோப்பைக்கு டெல்பர்ட்டும் எங்கள் துப்பாக்கிச் சங்கத் தலைவர் வெண்டல் ஸ்டூரும் சமமாக நின்றார்கள். கடைசிச் சுற்று. கினிக்கோழிக் கூட்டம் மொத்தமும் வந்து எதிரே நின்றது. மைதானத்தில் உயிர் நின்றால் சுடக்கூடாது.

"யோவ் டெல்பர்ட், உன் விருந்தாளிங்களை அந்தாண்ட கூட்டிட்டுப் போய்யா!"

"நானா கூப்பிட்டேன்? தலைவரு நீதானே, நீயே பேசிப் பாரு."

வெண்டல் தொப்பியைக் கழற்றி விரட்டினார். பிறகு சங்கமே விரட்டியது. கோழிகள் வட்டமாக ஓடின. நாங்களும் வட்டமாக ஓடினோம். சத்தம் கேட்டு ஆர்டித் வந்தாள்.

"வீட்டுல தீனியைத் தொடறதே இல்ல. இங்கதான் பந்தியா? ஓட்ஸோட அந்த ஈய விஷத்தையும் முழுங்கியிருந்தா என்ன பண்ணுவே?"

டெல்பர்ட் உடனே துப்பாக்கியைக் காலி செய்து என் கையில் கொடுத்தார். கோழிகளைப் பிடித்துத் தன் வண்டியில் ஏற்றி, ஆர்டித்தையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நேராகக் கால்நடை மருத்துவரிடம் போனார். கோப்பை வெண்டலுக்குப் போயிற்று.

மருத்துவர் ஒவ்வொரு கோழியையும் எக்ஸ்ரே எடுத்தார். ஈயம் இல்லை. ஒன்றின் வயிற்றில் மட்டும் சட்டைப் பொத்தான். டெல்பர்ட் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்தத் தோளையும் எக்ஸ்ரே எடுத்தார்.

"எலும்பு நல்லாவே கூடியிருக்கு. குதிரையா இருந்தா வண்டியில பூட்டலாம்னு சொல்லிருப்பேன்."

அடுத்த ஞாயிறு ஓட்ஸுக்குப் பதில் அட்டை வில்லை போட்ட தோட்டாக்களோடு வந்தார். முதல் சூட்டுக்கே கோழிகள் வேலியோரம் வந்து பார்த்தன. புல்லில் ஒன்றும் இல்லை. கினிக்கோழி திட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் சுட்டு முடிக்கும்வரை திட்டின. வரிசையாகத் தட்டுகளைத் தவறவிட்டார். கடைசியில் துப்பாக்கியை நடுவில் திறந்து மடித்துக் கையில் தொங்கவிட்டு, வேலியருகே போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார் கோழிகளிடம்.