களத்தில் சொல்லக் கூடாத சொல்

சீனியர் சோதனையில் நான் பாஸ் பண்ணியதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். பெயிலாகியிருந்தால் ஒரு கிழமை திட்டித் தீர்த்துவிட்டு என்னை மறந்திருப்பார்கள். பாஸ் என்று புளியந்தீவுப் பட்டணத்திலிருந்து செய்தி வந்த அன்றிலிருந்து, என்னைக் கண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மறுகா என்ன செய்யப் போறாய் மனே?" எனக்கு அப்போது பதினாறு வயது. அடுத்து என்ன செய்வது என்று துளிகூடத் தெரியாது. கணக்கும் இங்கிலீசும் படிப்பித்தவர்கள் அதை மட்டும் படிப்பிக்காமல் விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம். காலையில் தோணியில் போய், பொழுதுபடத் தோணியில் திரும்புவேன். அந்தப் போக்குவரத்து ஒருநாள் முடிந்துபோகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முடிந்த பிறகு, காலையில் எழும்பினால் எந்தப் பக்கம் நடப்பது என்று விளங்காமல் கிணற்றடியிலேயே நின்றுகொண்டிருப்பேன். அம்மா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் முகம் கழுவுவேன்.

முதலில் வந்தவர் தாய்மாமன். அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வெள்ளைக் கால்சட்டையில் சேறு படாமல் எங்கள் ஊர் ஒழுங்கையில் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர். தன்னுடைய துரையிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டதாகவும், அறுவடை முடிந்து வரும் முதல் திங்கட்கிழமை நான் கச்சேரிக்கு வந்து நின்றால் போதும் என்றும் சொன்னார். கையோடு என் காலுக்கு ஒரு சோடி கறுத்த சப்பாத்தும் வாங்கி வந்திருந்தார். "வாறாய்தானே மனே?" என்றார். நான் தலையாட்டி "ஓம் மாமா" என்றேன்.

அடுத்தவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். எனக்கு ஏடு தொடக்கியவர். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கடுதாசியை அவரே நிரப்பிக்கொண்டு வந்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "ஊருக்கு ஒரு வாத்தியார் வேணும். எனக்குப் பிறகு நீதான், என்ன?" என்றார். "ஓம் ஐயா" என்றேன்.

எனக்கு வாய்த்த நோய் அதுதான். கேட்டவரின் முகத்தைப் பார்த்தால் வாய் தானாக ஓம் என்றுவிடும். தோணிக்காரர் ஒருநாள், "நீ பொலிசில சேரப்போறியாமே?" என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அவர் அதை எங்கே கேள்விப்பட்டாரோ, எனக்குத் தெரியாது.

அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எங்கள் ஊர் வயல்வெளியான வட்டையில் கொஞ்ச நிலம் இருந்தது. அதைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மௌனம் எனக்கு மற்றவர்களின் கேள்வியைவிடப் பெரிய உபத்திரவமாக இருந்தது. என்னை வயலுக்கு எதிர்பார்க்கிறார், வாயால் கேட்க வெட்கப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஒருநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்று, "அப்பா, நான் உங்களோட வயலுக்கே வாறன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மண்வெட்டி அங்க கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியாக நான் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்து முடித்தேன். அறுவடை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சிக்கான நேர்முகமும் அதே திங்கட்கிழமைதான் என்று வாத்தியார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நாளில் என் குட்டு வெளிப்பட்டுவிடும், இரண்டு பெரிய மனிதர்களின் முகத்தில் நான் விழிக்க முடியாது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. யார் முதலில் என்னைப் பிடித்து இழுக்கிறாரோ, அவர் இழுத்த பக்கமே ஆயுசுக்கும் போய்விடுவேன் என்று பயந்தேன். கச்சேரி மேசையைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். வகுப்பையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டிலும் என்னைக் காணவில்லை.

சப்பாத்தையும் கடுதாசியையும் ஒரே பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். உடுப்பு எடுக்கப்போன அம்மா இரண்டையும் கண்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அடுத்த நாள் அப்பா ஆளனுப்பி, அறுத்த கதிரைச் சூடு மிதிக்கும் நாளில் களத்துக்கு வந்து புது நெல் வாங்கிக்கொண்டு போகும்படி மாமாவுக்கும் வாத்தியாருக்கும் சொல்லிவிட்டார். வருசா வருசம் நடக்கிற வழக்கம்தான் அது. ஆகவே நான் அதில் விசேடமாக எதையும் காணவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்துக் களத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கதிரை வட்டமாகப் பரப்பி மாடுகளை மிதிக்கவிடும் அந்த இடத்துக்குள் போனால் நாக்கை அடக்கிக்கொள்ள வேண்டும். நெல்லை அங்கே நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். மாட்டுக்கும் நெல் அள்ளும் கடகத்துக்கும்கூட வேறு பெயர்கள் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், இல்லை என்ற சொல் வாயில் வரக் கூடாது. வேணாம், ஏலா, நடக்காது, முடிஞ்சுது எதுவுமே கூடாது. சொன்னால் பூதம் அதைக் கேட்டுக்கொண்டு பொலியை வாரிக்கொண்டு போய்விடும். ஏழு வயதில் நான் களத்தில் நின்று "தண்ணி இல்ல" என்று கத்தி, வாயிலேயே ஒரு அடி வாங்கியிருக்கிறேன். களத்தைச் சுற்றி ஒரு சிறு வரம்பு இருந்தது. அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் எதையும் பேசலாம்.

மாமா சப்பாத்தை வரம்புக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வாத்தியார் முன்பே வந்து ஓரமாய்க் குந்தியிருந்தார். மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. "பொலி, பொலி" என்று ஆட்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தேன்.

"இவன் திங்கக்கிழம எனக்கிட்ட கச்சேரிக்கு வாறான், தெரியுமா?" என்று மாமா பெருமையோடு தொடங்கினார்.

வாத்தியார் நிமிர்ந்தார். "திங்கக்கிழமையா? அண்டைக்கு எனக்கிட்ட வாறன் எண்டெல்லோ சொன்னவன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. அந்த நேரத்தில்தான் அப்பா வைக்கோல் கிளறும் கம்போடு எங்களிடம் வந்தார். வியர்வையைத் துடைத்தார். அவசரமே படாமல் பேசினார்.

"ரெண்டு பேரும் இவனுக்கு நல்லதத்தான் பாக்குறீங்க. ரெண்டும் பொலியட்டும். இவன் அடுத்த வெள்ளாமை வரைக்கும் என்னோட நிண்டு யோசிக்கட்டும். ஓம்தானே மச்சான்?"

மாமா வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து நிற்பதை நான் கண்ணால் கண்டேன். மாடு சாய்க்கிறவர்கள் அத்தனை பேரும் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். பட்டணத்தில் இருந்துகொண்டு பூதமாவது பேயாவது என்று எங்களைக் கேலி பண்ணுகிறவர்தான் அவர். ஆனாலும் அவர் பார்வை ஒருதரம் பொலிக் குவியலில் போய் விழுந்தது.

"அத்தான், துரைக்குச் சொல்லிப்போட்டன். அவர்…" என்று இழுத்தார். துரை ஒரு வருசம் பொறுக்கமாட்டார் என்பதைக் களத்துக்குள் நின்று எப்படிச் சொல்வது? அதற்கு வழியே கிடையாது. "அவர் நல்ல மனிசன்" என்று முடித்தார்.

"பொலியட்டும்" என்றார் அப்பா.

மாமா தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார். வாத்தியார் படித்தவர், வேறு வழியாகச் சுற்றி வரப் பார்த்தார். "இந்தக் கடுதாசிக்கு நாள் கடந்திட்டெண்டா, பிறகு…" என்றார். "பிறகு?" என்று அப்பா மரியாதையாகக் கேட்டார். வாத்தியார் சற்று யோசித்தார். "பிறகு அடுத்த வருசமும் வரும்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய் மனே?"

நான் ஓம் என்றேன். அந்த வருசம் நான் சொன்ன ஓம்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பல நாள் சுமந்த மூட்டையை யாரோ வந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது. அன்று களத்துச் சோற்றை மூன்று தரம் வாங்கித் தின்றேன். தின்றுவிட்டு வண்டிக்கடியில் கிடந்து மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். மாமா தன் பங்கு நெல்லோடு வரம்பைத் தாண்டியதும் தோணித்துறை வரைக்கும், "நடக்காது, ஏலா, இது ஒரு நாளும் சரிவராது" என்று சொல்லிக்கொண்டே போனாராம். ஆனால் களத்தில் வாக்குக் கொடுத்தாயிற்று. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருசம் முழுக்க அப்பாவோடு நின்றேன். கை கொப்பளித்தது, முதுகு கறுத்தது. அப்பா அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. மாரிக்கு முன்னால் எங்கள் வட்டையை அளக்க ஒரு சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஆள் போதாமல் என்னைச் சங்கிலி பிடிக்கச் சொன்னார். பிறகு அவருடைய நிலப்படத்தில் இருந்த இங்கிலீசை நான் வாசிப்பதைக் கண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் பிறந்து வளர்ந்த வயலும் வாவிக்கரையும் ஒரு கடுதாசியில் கோடு கோடாய் விழுவதைப் பார்த்தேன். இதுதான் என்று மனசு சொல்லிற்று. ஒருவரும் என்னைக் கேட்காமலேயே நானாகச் சொன்ன ஓம் அது.

சர்வேயர் அறுவடை முடிந்ததும் தன்னோடு வந்து வேலை பழகச் சொன்னார். மலைநாட்டுப் பக்கம் போக வேண்டும், வருசத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்தால் அதிகம். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பிறகு எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த அறுவடை வரும்வரை பொறுத்திருந்து, சூடு மிதிக்கும் நாளில், களத்து நடுவில், அப்பா கம்போடு நிற்கும்போது போய்ச் சொன்னேன்.

"அப்பா, நான் சர்வேயரோட மலைநாட்டுக்கு வேலை பழகப் போறன். ஓம்தானே?"

அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். மாடுகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. "பொலியட்டும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் வித்தையை அப்பாவிடமே காட்டிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே துள்ளல். பொழுது சாயும்போது இருவரும் வீட்டுக்குப் புறப்பட்டோம். அவர் முன்னால் போனார், நான் பின்னால். வரம்பு கிட்டக் கிட்டத்தான் எனக்கு உறைத்தது. அதைத் தாண்டிவிட்டால் அவர் எதையும் சொல்லலாம். போகாதே என்றும் சொல்லலாம். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அவர் வரம்பைத் தாண்டினார். தாண்டிய இடத்திலேயே நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

"மாமா தந்த சப்பாத்து இப்பவும் காலுக்கு அளவா இரிக்கா?"

"கடிக்குது அப்பா."

"அப்ப நாளைக்குப் புளியந்தீவுக்குப் போய் வேற வாங்குவம். மலையில சப்பாத்து வேணும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டு நடந்தேன். நாள் முழுக்க மாட்டோடு சுற்றிய களைப்பு, மனிதர் மூச்சு வாங்கத்தான் அங்கே நின்றார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன்னோ பின்னோ அவர் மூச்சு வாங்க எங்கேயும் நின்று நான் கண்டதில்லை.