நுரையீரலைத் தொட்டுப் பார்த்தவர்

தாம்பரம் தாண்டி ஒரு மருத்துவமனையில் அந்த டாக்டரம்மாவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். குள்ளமான உருவம், முன்பக்கம் நரைத்த முடி. துணிக்கடையில் புடவையைத் தடவிப் பார்ப்பதுபோல, பேசும்போதும் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

என் கணவரை நுரையீரல் மாற்று அறுவைக்குத் தயார்படுத்தியிருந்தார்கள். இதயம் நின்று இறந்துபோன ஒருவரின் வீட்டார் மனம்வந்து கொடுத்த நுரையீரல். அது தேறுமா என்று, வெளியே எடுத்த நுரையீரலுக்குக் காற்று ஏற்றும் கருவியில் வைத்துப் பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. நான் வராந்தாவில் காத்திருந்தேன்.

வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காத்து ஏத்திட்டு குழாயை எடுத்தா, நல்ல நுரையீரல் தானா சுருங்கிடும்மா. இது உப்பினபடியே நிக்குது. திரும்பத் திரும்பத் தொட்டுப் பாத்துட்டேன். வேணாம்."

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டேன்.

"சுமாரா இருந்தாகூட பரவால்ல மேடம், வெச்சுடுங்க. திரும்ப வூட்டுக்குக் கூட்டிகினு போனா மனுசன் உடைஞ்சிடுவாரு."

"சுமாரானது ஒண்ணு அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கேம்மா. அதுக்கு எதுக்கு நெஞ்சைப் பொளக்கணும்?"

சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. நான் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கணவர் இப்போது பல்லாவரம் வீட்டில் ஆக்சிஜனோடு இருக்கிறார். போன் அடித்தாலே, வேறொரு நுரையீரல் கிடைத்துவிட்டதோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். அடுத்த முறையும் அந்த அம்மாதான் பார்க்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர் பார்த்தால் மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது.