தினை உருண்டைக்கு நான் போட்ட தடை

நம் பங்கின் அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். என் மகளுக்கு அவளுடைய தோழியே மருந்து வைத்துவிட்டாள் என்று நான் நம்பினேன். ஆமாம், தின்பண்டத்தில் கலந்து கொடுத்து ஆளை உருக்குமே, அந்த மருந்துதான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து வாசகமும் வாசிக்கிற இதே ஆள்தான் நம்பினேன்.

ஜெசிந்தா தர்மபுரியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போன தவக்காலத்துக்கு முன்பு அவளைப் பயிற்சிக்காகப் பிரசவ வார்டில் போட்டார்கள். அன்றிலிருந்து வயிற்று எரிச்சல், குமட்டல். பரீட்சை என்றால் முதல் நாளே பேதி. லீவில் வந்தவளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"படிப்பே வேணாங்கப்பா. வயிறு ஒத்துக்கல. நான் வூட்டுலயே இருந்துக்கிறேன்" என்று அழுதாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

நான் மாரண்டஹள்ளியில் தக்காளி வண்டி ஓட்டுகிறவன். ரோட்டில் யானை நின்றாலும் நிதானமாக பிரேக் போடுவேன். மகள் வயிறு என்றதும் பிரேக் பிடிக்கவில்லை. விசாரித்தேன். அறைத்தோழி மல்லிகா, சித்தேரி மலைப் பெண், ஊரிலிருந்து தினை மாவு உருண்டை கொண்டுவந்து தினமும் இவளுக்குக் கொடுக்கிறாளாம். எனக்கு இது போதாதா?

"அதுலதாண்டி வச்சிருக்கா" என்றேன் என் மனைவி அருளிடம்.

"உங்க மூளைலதாங்க எவளோ வச்சிட்டா" என்றாள்.

நான் விடவில்லை. உருண்டையைத் தொடமாட்டேன் என்று மகளிடம் சத்தியம் வாங்கினேன். தவக்காலம் முழுக்க மூன்று பேரும் ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். செபமாலை முடிந்ததும் தினமும் ஒரே மன்றாட்டு: "ஆண்டவரே, என் பிள்ளை வயிற்றைக் கெடுத்தது யாரென்று எனக்குக் காட்டும்."

காட்டினார்.

லீவு முடிந்து ஒருசந்தியோடு விடுதிக்குத் திரும்பிய ஜெசிந்தா, மூன்றாம் வாரம் வார்டிலேயே மயங்கி விழுந்தாள். தக்காளியோடு வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஓடினேன். கையில் குளுக்கோஸ் ஏற, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் மல்லிகா நின்றாள். டாக்டரம்மா கேட்டார், "காலையில என்னம்மா சாப்பிட்ட?"

ஜெசிந்தா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மல்லிகாதான் வாயைத் திறந்தாள்.

"எங்க மேடம் சாப்பிடறது? இத்தனை பிரசவம் பார்த்தோம்னு கேஸ் புக்குல கையெழுத்து வாங்குனாத்தான் பரீட்சை எழுத முடியும். நாங்க சாப்பிடப் போற நேரத்துல பிரசவம் ஆயிட்டா, அந்தக் கேஸ் வேற பிள்ளைக்குப் போயிடும். அந்தப் பயத்துல இவ நகரவே மாட்டா. என்கிட்ட இருக்கிற தினை உருண்டை ரெண்டுதான் நின்னுக்கிட்டே திம்பா. அதையும் அவங்கப்பா திங்கக்கூடாதுன்னுட்டாருங்க. மேல ஒருசந்தி வேற."

"யாரு அந்த அப்பா?" என்றார் டாக்டர்.

நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் போஸ்டரை மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"ஏம்மா, நீயாச்சும் முடியலன்னு சொல்லக்கூடாதா?" என்று பிறகு மகளிடம் கேட்டேன்.

"என் வயித்துக்காக நீங்க நேந்துக்கிட்டதை நானே எப்படிங்கப்பா முறிக்கிறது?" என்றாள்.

அன்று சிரிப்பு வரவில்லை. அங்கேயே மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னொரு உருண்டை இருக்குமாம்மா?" என்றேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நானே என் கையால் மகளுக்கு ஊட்டி, என் நேர்ச்சையை முறித்தேன்.

பாதியில் விட்டால் சாபம் என்று இந்தக் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். இன்றும் அவருக்கு அதே பதில்தான்: சாபம் வரட்டுமே, என் விலாசம் அதுக்குத் தெரியும். நேர்ந்தது என் வாய், காய்ந்தது அவள் வயிறு. ஒரு பிள்ளையின் பசியை வாங்கிக்கொண்டு வரம் கொடுக்கிற மாதாவை எனக்குத் தெரியாது.

ஜெசிந்தா மருந்து மாத்திரையோடு வார்டுக்குத் திரும்பினாள். சாப்பாட்டு நேரத்தில் வார்டு சிஸ்டர் முறைத்தாராம். "பத்து நிமிஷங்க சிஸ்டர். சாப்பிட்டாத்தான் கை நடுங்காது" என்று டப்பாவைத் திறந்துவிட்டாள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கேஸ் போய்விட்டது. போகட்டும் என்றாள். அடுத்த வாரத்திலிருந்து மற்றப் பிள்ளைகளும் முறை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

நீங்களும் தைரியமாகக் கேளுங்கள். அவர் பதில் தருவார். பதிலில் உங்கள் பெயரே இருந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஆண்டவருக்கு நன்றி.

அவள் கேஸ் புக் நிறைந்தது. பரீட்சை எழுதினாள். அவளுக்கு யாரும் மருந்து வைக்கவில்லை. பயத்தில் சாப்பிடாமல் நின்றாள். மிச்சமிருந்த இரண்டு உருண்டையையும் நான் பிடுங்கினேன்.