ஆறு மணிக்கு மேல் தார்ச்சாலை

பிரஷர் இருக்கிறது, தினமும் வேகமாக நடங்கள் என்று டாக்டர் சொன்னார். தனியாக நடக்கச் சோம்பல். அதனால் வீட்டு நாயையும் சேர்த்துக்கொண்டேன். நாங்கள் குடியிருக்கும் நெல்லித்தோப்பு சந்துகளில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு நாய் குரைத்துக்கொண்டு வரும். ஆகவே ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே நிற்கவைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோவேன். தெருவில் கிடந்த குட்டி அது. இரண்டு வயதாகியும் ஓடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அப்போது மே மாதம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் தடுப்பை இழுத்துப் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வண்டி இல்லையென்றால் நாய்க்கு ஆபத்தும் இல்லை என்பது என் கணக்கு. தடுப்பு போடும்போதே போய் நிற்பேன். கூட்டம் சேர்வதற்குள் நடுச்சாலையில் இருவரும் ஓடுவோம். கடல் காற்று முகத்தில் படும். காலில் தடித்த ஷூ. அந்தத் தார் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

நாய் முரண்டு பிடிக்கவில்லை. நான் ஓடினால் அதுவும் ஓடியது. நான்காம் நாள் மட்டும் நடுவில் நின்று முன்னங்காலை நக்கியது. "வா, வா" என்று கயிற்றைச் சுண்டினேன், வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் வெள்ளைத் தரையில் நான்கைந்து இடத்தில் ரத்தப் பொட்டு. என் மனைவி அதன் காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தின் கறுப்பு மெத்தை காய்ச்சிய பாலின் ஆடைபோல உரிந்து தொங்கியது.

"நீங்க ஷூ போட்டுக்கினு ஓடறீங்க. அது எதப் போட்டுக்கினு ஓடும்?" என்றாள்.

வெட்கமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். முழுவதையும் நக்கித் தீர்த்தது.

மறுநாள் காலை கால்நடை டாக்டர் புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, துணி சுற்றினார்.

"சீழ் வச்சிட்டா நடக்கறதே கஷ்டமாயிடும் சார். ரெண்டு வாரம் வெளிய வுடாதீங்க. அப்புறம் கூட்டிக்கினு போனா, மொதல்ல நீங்க செருப்பக் கழட்டிட்டு ரோட்டுல நில்லுங்க. பத்து எண்ணுற வரைக்கும் நிக்க முடியலன்னா திரும்பிடுங்க."

ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் சீழ் இருக்குமோ என்று பயந்தேன். நல்லவேளையாக இல்லை. நாய்களுக்கென்று விற்கும் ஷூ நான்கு வாங்கிவந்து மாட்டினேன். அது ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

புதுத் தோல் வந்து கெட்டியானதும், தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் கிளம்பினேன். உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்தேன். முன்பெல்லாம் நான் ஷூவை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்கும். இப்போது கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. கூப்பிட்டேன், பிஸ்கட் காட்டினேன், வரவில்லை. மறுநாளும் அப்படியே. என்னோடு வரவே அதற்குப் பயம். அதை அப்படி ஆக்கியது நான்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மூன்றாம் நாள் ஷூவைத் தொடவில்லை. வெறுங்காலோடு போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். கட்டிலுக்கடியிலிருந்து முதலில் மூக்கு எட்டிப்பார்த்தது. கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தது. பிறகு எழுந்து வந்தது.

அன்றிலிருந்து வெறுங்கால்தான். சாலையில் நின்று பத்து எண்ணுகிறேன். பிறகு நடக்கிறோம், ஓடுவதில்லை. தினமும் எதிரே வரும் ஒருவர் ஒருநாள் என் காலைப் பார்த்து நின்றார்.

"என்னா சார், வேண்டுதலா?"

"ஆமாங்க."

"எவ்ளோ நாளைக்கு?"

நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே போனது.

"அதான் தெரியல," என்றேன்.