மாமனார் வாளும் ஆயுத பூஜையும்

இன்று ஆயுத பூஜைக்கு மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால், அவருடைய தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த வாள் அவர் மடியில் இருக்கிறது. கையில் புளி.

"மாமா, தேய்க்காதீங்க."

"குத்துவிளக்கே புளி போட்டாதான் மின்னுது. இதுக்கு மட்டும் என்னவாம்?"

பிடிக்கு அருகே ஒரு கிரீடமும் இரண்டு எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. எந்தப் படையின் வாள் என்று சொல்ல அது ஒன்றுதான் அடையாளம். புளி போட்டுத் தேய்த்தால் அதுவும் போய்விடும் என்றேன்.

அவர் கட்டைவிரல் கிரீடத்தின்மேல் நின்றது. கடைசியில் புளியைக் கீழே வைத்தார்.

வாளைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி, சாமி படத்தருகே நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் வாள் முனையில் எலுமிச்சம்பழம். சாறு கிரீடத்தை நோக்கி இறங்குகிறது.

"திருஷ்டிக்கு குத்தி வச்சேன் மாப்ள."

கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஆரத்திக்கு நடுவில் துடைக்கத் துணியோடு எழுந்து போகலாமா? மாமனார் உள்ளவர்கள் உடனே சொல்லவும்.