இக்னேஷியஸ் கட்டிய மஞ்சள் துணி

சுங்கை வேயில் இக்னேஷியஸ் வீட்டுக்குப் போனால் எல்லாப் பொருளிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். ஏணியில் ‘எஸ்கலேரா’, கதவுத் திரையில் ‘தெலோன்’, ஆணி டப்பாவில் ‘கிளாவோ’. எல்லாம் ஸ்பானிய மொழி.

“கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். என் பேர ஒருநாள் ஒழுங்கா எழுதினதில்ல. திரைக்குப் பேர் எழுதி ஒட்டுறாரு பாருங்க,” என்பார் மனைவி கெர்ட்ரூட்.

“உன் பேர எழுதி முடிக்கிறதுக்குள்ள ஸ்பெயினுக்கே போயிட்டு வந்துரலாம் லா,” என்பார் இவர்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் முப்பது வருடமாகக் கல்யாண மேடை கட்டுகிறார். இப்போது பெண் வீட்டார் போனில் படம் காட்டி, அதே மாதிரி பிளாஸ்டிக் பூச்சுவர் வேண்டும் என்கிறார்கள். அதை மாட்ட இக்னேஷியஸ் எதற்கு, ஸ்க்ரூ டிரைவர் போதும்.

அப்போதுதான் ஏஜென்ட் லோகன் சேதி கொண்டுவந்தான். ஸ்பெயின் நாடகக் குழு ஒன்று கோலாலம்பூருக்கு வருகிறது. பிறகு பாங்காக், மணிலா. கூடவே போக ஒரு மேடைக்காரர் வேண்டும். அவர்களுடைய மேடைத் தலைவி மார்த்தாவுக்கு இங்கிலீஷ் வராது. முதல் நாள் வேலையைப் பார்த்து ஆளை அவளே எடுப்பாள்.

இரண்டு மாதம் மோட்டார் சைக்கிளிலும் முணுமுணுப்புதான். சிக்னலில் பச்சை விழுந்தால் அதன் ஸ்பானியப் பெயரைத் தேடிக்கொண்டு நிற்பார். பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடிப்பான். பாஸ்போர்ட் எடுத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருக்கும் காட்டினார். அவருக்கு ஏணி பிடிக்கும் எனக்கு இரண்டு முறை. பாடற்குழு பிரெண்டா மணிலாவிலிருந்து ஜெபமாலைக்கு ஆர்டரே கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் நானும் ஏணி பிடிக்கப் போனேன். மார்த்தா “கிளாவோ” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஆணி அவள் கையில் இருந்தது. அதே வேலைக்கு வந்திருந்த கென்னத், ஆணி கேட்டால் சுத்தியலைக் கொடுத்தான். அவள் சிரித்து இக்னேஷியஸின் தோளைத் தட்டினாள். வேலை கிடைத்த மாதிரிதான்.

எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் மனிதர் ஏணியில் ஏறினார். வேதக்காரர்தான். ஆனாலும் மங்கலத்துக்கு ஒரு மஞ்சள் துணி கட்டாமல் ஒரு மேடையையும் அவர் விட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரர் மறந்தாலும் இவர் மறக்கமாட்டார். வந்தவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று வாங்கி வந்திருந்த நாலு முழம் மஞ்சள் பட்டை மேடைக்கு நடுவே உச்சியில் கட்டினார்.

“மஞ்சளுக்கு என்னான்னு கேளேன். அமரியோ,” என்றார் என்னிடம்.

சாப்பிட்டு வந்த கதாநாயகி மேலே பார்த்தாள். முகம் வெளுத்தது. திரும்பி வெளியே போய்விட்டாள். குழுவில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர், அவர்கள் ஊர் நாடகக்காரர்களுக்கு மேடையில் மஞ்சளே ஆகாது என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடினார். நம் வாசலில் யாரோ எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்ட மாதிரி. இக்னேஷியஸ் படித்ததில் நிறம் இருந்தது, இந்தச் சேதி இல்லை.

மார்த்தா இக்னேஷியஸைச் சுட்டிக்காட்டி லோகனிடம் நாலு வார்த்தை சொன்னாள்.

“என்னா சொல்றா அண்ணே?” என்றான் லோகன். கேட்பதற்கு அவனுக்கு வேறு ஆள் இல்லை.

நானாக இருந்தால் துணியை அவிழ்க்கச் சொல்கிறாள் என்று சொல்லியிருப்பேன்.

“இந்த ஆளு வேணாமாம். வேற ஆளாம்,” என்றார் இக்னேஷியஸ்.

“ஒழுங்கா கேட்டீங்களா?”

“எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான் லா.”

லோகன் கென்னத்தைப் பார்த்தான். கென்னத் தரையைப் பார்த்தான்.

இக்னேஷியஸ் மறுபடி ஏணியில் ஏறினார். முடிச்சு அவிழவில்லை. இத்தனை வருடமாக அவர் கட்டியதோடு சரி. பிரிப்பது மண்டபத்து ஆட்கள் வேலை. பல்லால் கடித்துப் பார்த்தார். கீழே மார்த்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே கென்னத் கத்தியை மேலே நீட்டினான்.